அலுவலகத்தை விரிவாக்கப் போகிறீர்களா? இருப்பதை எண்ணி, கழற்றி, மறுபடி பூட்டும் முழு வழிகாட்டி

கிண்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. பாதி மாடியில் எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம், 42 பேர் வேலை செய்கிறார்கள். மறுபாதியில் இருந்தவர்கள் காலி செய்யவே, அந்த இடத்தையும் இவர்களே எடுத்து 80 இருக்கைக்கு விரிவாக்குவது என்று முடிவாயிற்று. நான் அளவெடுக்கப் போன அன்று இடிப்பு வேலை பாதி முடிந்திருந்தது. மீட்டிங் ரூமின் 12 மி.மீ. கண்ணாடி மொத்தமும் தரையில் கல்கண்டு மாதிரி குவிந்து கிடக்க, இரண்டு பேர் அதை மண்வெட்டியால் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அலுமினியச் சட்டமும் செம்பு வயரும் மட்டும் பத்திரமாகச் சுவரோரம் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சில வாரம் கழித்து அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே அளவு மீட்டிங் ரூமுக்கு, அதே 12 மி.மீ. கண்ணாடிக்கு நாங்கள் ஆர்டர் போட்டோம். அந்தக் கொட்டேஷனைப் பார்த்தபோது வந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து எந்த ஆபீஸ் வேலையை எடுத்தாலும், சுத்தியலைத் தொடுவதற்கு முன்னால் கீழே சொல்லியிருக்கும் வரிசையில்தான் போகிறேன்.

இந்த வரிசைக்குச் சுழற்சி முறை உள்ளலங்காரம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் டயரில் முக்காலி, பாட்டிலில் விளக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அலங்காரம், ஒரு மூலையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்வது இதுதான்: ஆபீஸுக்குள் இருக்கும் மேசை, நாற்காலி, தடுப்பு, விளக்கு, தரை எல்லாம் முடிந்தவரை அதே பொருளாகவே திரும்பத் திரும்ப உழைக்க வேண்டும், உடைந்தால் பழுது பார்க்க முடிய வேண்டும், இடம் மாறினால் கழற்றி எடுத்துப்போக முடிய வேண்டும். சென்னை மாதிரி ஊரில், 2000 முதல் 5000 சதுர அடி வரை விரிவாக்கம் செய்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரிய கேம்பஸ் என்றால் கணக்கு வேறு.

படி 1: லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பெரும்பாலானவர்கள் டிசைனரைக் கூப்பிடுவது கையெழுத்துக்கு அப்புறம்தான். அதற்குள் பாதி விஷயம் கை மீறிப் போயிருக்கும்.

முன்பு இருந்தவர் காலி செய்யும்போது, போட்டதையெல்லாம் பிரித்து வெறும் இடமாகத் திருப்பித் தர வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால்தான் அவசரமாக உடைக்கிறார்கள். அந்த இடத்தை எடுக்கப் போகிறவர் நீங்கள் என்றால், கட்டட உரிமையாளரிடமும் காலி செய்கிறவரிடமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, "இப்படியே விட்டுவிட்டுப் போங்கள், எது எது வேண்டும் என்று பட்டியல் தருகிறோம்" என்று பேசிப் பாருங்கள். காலி செய்கிறவருக்கு இடிப்புச் செலவு மிச்சம், உரிமையாளருக்கு இடம் சும்மா கிடக்கும் நாட்கள் மிச்சம், உங்களுக்குக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங், ஏ.சி. டக்ட், கேபிள் ட்ரே எல்லாம் இருந்த இடத்திலேயே கிடைக்கும். மூன்று பேரும் பேசிக்கொள்ளாததால்தான் எல்லாம் குப்பைக்குப் போகிறது. பேசினதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

உங்கள் லீஸிலும் அதே நிபந்தனை இருக்கும், படித்துப் பாருங்கள். லாக்-இன் (நடுவில் காலி செய்ய முடியாத காலம்) 3 வருடம், மொத்தம் 9 வருடம் என்பது நம்மூரில் சாதாரணம். அதாவது 3 வருடத்தில்கூட நீங்கள் கிளம்ப நேரலாம். அப்போது எதை எடுத்துப்போவீர்கள், எதை விட்டுப்போவீர்கள் என்று இப்போதே எழுதி வைத்தால், எதைப் பசை போட்டு ஒட்டக்கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

படி 2: எண்ணுங்கள்

இந்த வேலைக்கு இரண்டு பேர், இரண்டு நாள் போதும். ஒரு டேப், ஒரு போன், ஒரு எக்செல் ஷீட். பழைய ஆபீஸ், புது இடம், அப்புறம் யாரும் திறக்காத அந்த ஸ்டோர் ரூம், மூன்றையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: என்ன பொருள், நீளம் அகலம் உயரம், எத்தனை, நிலைமை எப்படி, எப்படிப் பொருத்தியிருக்கிறது. கடைசிப் பத்தியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். ஸ்க்ரூவா, மினிஃபிக்ஸா (பலகைகளை இணைக்கும், திருகினால் கழலும் உள்பூட்டு), ஆணியா, ஃபெவிகாலா? ஸ்க்ரூவும் மினிஃபிக்ஸும் என்றால் முழுசாகக் கழன்று வரும். ஆணியும் பசையும் சேர்ந்திருந்தால் பலகை பிய்ந்துதான் வரும், அதை மறுபயன்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிலைமைக்கு நான் நான்கே எழுத்து வைத்திருக்கிறேன். அ: துடைத்தால் போதும். ஆ: பழுது பார்த்தால் ஓடும். இ: உறுப்புகளுக்கு மட்டும் உதவும். ஈ: போக வேண்டியது. முதல் தடவை எண்ணும்போது மனது எல்லாவற்றையும் "ஈ" என்றுதான் சொல்லும், ஏனென்றால் பழைய பொருள் அழுக்காக இருக்கிறது. ஒரு நாற்காலியை மட்டும் எடுத்து, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு மறுநாள் திரும்ப எண்ணுங்கள். பட்டியல் மாறும்.

அக்கவுண்ட்ஸ் ஆட்களையும் இந்தச் சமயத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தில் மதிப்பு இறங்கிப்போன பொருளைக் கழித்துவிட அவர்கள் தயாராக இருப்பார்கள். உங்கள் பட்டியல் அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்றால், நீங்கள் பழுது பார்க்க எடுத்து வைத்ததை ஸ்கிராப் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எனக்கே ஒரு முறை நடந்தது, மேசைக்கு அடியில் வைக்கும் இழுப்பறைப் பெட்டிகள், அதாவது பெடஸ்டல்கள், 14 போயின.

படி 3: பட்டியலை வைத்து வரைபடம் போடுங்கள்

வழக்கமாக முதலில் வரைபடம், அப்புறம் அதற்கேற்ற சாமான். இங்கே அதைத் திருப்ப வேண்டும்.

கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் தடுப்புக்குப் போடுவது டஃபன்ட் கண்ணாடி. சூட்டில் வைத்துச் சட்டென்று குளிர்வித்துக் கெட்டிப்படுத்தியது. அதற்கப்புறம் அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. முயன்றால் முழுத் தகடும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். ஆகவே 3 அடிக்கு 7 அடி கண்ணாடி உங்களிடம் ஆறு இருக்கிறது என்றால் அறையின் நீளம் அந்த மூன்றடிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். கதவுக் கண்ணாடியில் பூட்டுக்கும் கீலுக்கும் போட்ட துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக்கூட அதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். உயரம் பத்தவில்லையா? மேலே ஒரு பிளைவுட் பெட்டிச் சட்டம் கொடுத்தால் இடைவெளி மூடிவிடும், வயர் போகவும் வழி கிடைக்கும்.

ஏ.சி. கேசட்டும் (சீலிங்கில் பதித்த ஏ.சி.) ஸ்பிரிங்க்ளரும் (தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குழாய்முனை) இருக்கும் இடத்தைத் தொடாமல் அறைகளைப் பிரிக்க முடியுமா என்று அடுத்துப் பாருங்கள். ஒரு கேசட்டை ஆறடி தள்ளி வைத்தால் செம்புக் குழாய், வடிகால் பைப், சீலிங் எல்லாம் மாறும். அறைகளின் எண்ணிக்கையையும் குறைத்துக் கேளுங்கள். முதலாளிகள் பத்து கேபின் கேட்பார்கள்; யார் எத்தனை மணி நேரம் அதில் இருக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் நான்கு போதும் என்று அவர்களே சொல்வார்கள். கட்டாத சுவர் அளவுக்குச் சிக்கனமான சுவர் எதுவும் கிடையாது. தடுப்பு வேண்டிய இடத்தில் இருக்கிற ஸ்டீல் பீரோக்களை முதுகோடு முதுகாக நிறுத்தலாம், புத்தக அலமாரியை நிறுத்தலாம்.

படி 4: கான்ட்ராக்ட்டை எப்படி எழுதுவது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த வேலைகள் பெரும்பாலும் சாய்வது இங்கேதான்.

கான்ட்ராக்டருடைய லாபம் பொருளில் இருக்கிறது. புது மேசை 40 போட்டால் அவருக்கு ஒரு பங்கு நிற்கும். பழைய மேசை 40-ஐக் கழற்றி மாட்டினால் கூலி மட்டும்தான் நிற்கும், தலைவலி அதைவிட அதிகம். அவர் மேல் தப்பில்லை, நாம் எழுதிய பி.ஓ.க்யூ. (வேலை, அளவு, விலைப் பட்டியல்) அப்படி. அதனால் தனி வரிகளாக எழுதுங்கள்: சேதமில்லாமல் கழற்றுவதற்கு ஒன்றுக்கு இவ்வளவு, துடைத்து அடுக்குவதற்கு இவ்வளவு, பழுது பார்ப்பதற்கு இவ்வளவு, மறுபடி பொருத்துவதற்கு இவ்வளவு. கூலியில் அடித்துப் பேசாதீர்கள். ஒரு ஆசாரி என்னிடம் நேராகவே கேட்டார்:

"தம்பி, இதைக் கழற்றி, வெட்டி, பட்டி ஒட்டி, மாட்டுற கூலிக்குப் புதுசாவே செஞ்சு குடுத்துரலாமே?"

"செய்யலாம்ணே. ஆனா புதுசு செஞ்சா காசு பலகைக் கம்பெனிக்குப் போகுது. இப்படிச் செஞ்சா உங்க கைக்கு வருது. கூலியைக் குறைக்க மாட்டேன், பொருள் மட்டும் இதேதான்."

கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அப்ப வெட்டு மிஷின் கொண்டாந்துர்றேன்" என்றார். அந்த வேலையில் அவர் கையால் வந்த மேசைகள் எதிலும் பழையது எது, புதியது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இடிப்புக்குத் தனி ஆள் வருவார். அவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார், உங்களுக்குக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வார். கேட்க நன்றாக இருக்கும். அவருக்கு வேண்டியது செம்பும் அலுமினியமும். அதைச் சீக்கிரம் எடுப்பதற்காகக் கண்ணாடியையும் ஜிப்சத்தையும் சுத்தியலால் அடித்துவிடுவார். ஆரம்பத்தில் நான் பார்த்த கல்கண்டுக் குவியல் அப்படி வந்ததுதான். அவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஆட்கள் கழற்றி முடித்த பிறகு மீதிக்குக் கூப்பிடுங்கள்.

கழற்றியதை எங்கே வைப்பது என்பதையும் கான்ட்ராக்ட்டிலேயே எழுதுங்கள். புது இடத்தின் ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்து, கடைசி வரை அங்கே வேலை வைக்காமல் விட்டால் அதுவே கிடங்கு. கண்ணாடியைப் படுக்க வைக்கக்கூடாது, மரக்கட்டை மேல் லேசாகச் சாய்த்து நிறுத்தி, இடையிடையே தெர்மாகோல் துண்டு வைக்க வேண்டும். ஜிப்சம் போர்டு முழுசாக வருவது அபூர்வம், ஆனால் உள்ளே இருக்கும் ஜி.ஐ. சேனலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) ஸ்க்ரூ கழற்றி எடுத்தால் அப்படியே அடுத்த தடுப்புக்கு ஆகும்.

படி 5: நாற்காலியும் மேசையும்

ஆபீஸ் நாற்காலியில் கெட்டுப்போவது நான்கைந்து உறுப்புதான்: கேஸ் லிஃப்ட் (சீட்டை ஏற்றி இறக்கும் சிலிண்டர்), சக்கரம், கைப்பிடி உறை, சீட் நுரை, மெஷ். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மெல்ல இறங்கினால் கேஸ் லிஃப்ட் போய்விட்டது. தலைகீழாகக் கவிழ்த்து, நட்சத்திரக் காலை ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் கால் கழன்று வரும். சிலிண்டரின் மேல்பக்கத்தைப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால் அதுவும் வந்துவிடும். புதியதைச் சொருகி ஒரு முறை அழுத்தி உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூகூடக் கிடையாது. உள்ளே அழுத்தமான வாயு இருப்பதால் பழைய சிலிண்டரைத் துளைக்கவோ அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, இதை உதவிக்கு வரும் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பின்பக்கச் சட்டம் விரிசல் விட்டிருந்தால் மட்டும் அந்த நாற்காலியை விட்டுவிடலாம். அதன் சக்கரமும் கைப்பிடியும் மற்ற நாற்காலிகளுக்குப் போகட்டும்.

மேசையில் பலகை, கால் இரண்டும் வேறு வேறு கதை. ஸ்டீல் கால் கிட்டத்தட்ட அழியாதது. துரு பிடித்திருந்தால் கழற்றி கிண்டி அல்லது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் பவுடர் கோட்டிங் கொடுத்தால் புதுசாகவே வரும். எல்லாக் கால்களுக்கும் ஒரே நிறம் அடித்துவிட்டால் மூன்று வகைப் பழைய மேசைகள்கூட ஒரு குடும்பமாகத் தெரியும், இதைவிட மலிவான டிசைன் உத்தி எனக்குத் தெரியாது.

பலகை பெரும்பாலும் 25 மி.மீ. ப்ரீலாம் பார்ட்டிகிள் போர்டாக, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்து மேலே லேமினேட் ஒட்டி வரும் பலகையாக இருக்கும். தண்ணீர் பட்டு ஊதினது இறங்காது, அதை ஒதுக்கிவிடுங்கள். ஊதாமல் இருந்தால் 5 அடிப் பலகையை 4 அடிக்கு வெட்டி, வெட்டின பக்கத்துக்கு மிஷினில் எட்ஜ் பேண்டிங் (ஓரப் பட்டி) ஒட்டலாம். ஒன்றை மறக்காதீர்கள்: பார்ட்டிகிள் போர்டில் ஒரு முறை ஸ்க்ரூ போட்டுக் கழற்றின துளையில் மறுபடி ஸ்க்ரூ பிடிக்காது, தூள்தான் கொட்டும். கொஞ்சம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள், அல்லது இன்சர்ட் நட் (பலகைக்குள் பதிக்கும் உலோக மரை) அடித்து போல்ட் போடுங்கள். போல்ட் போட்டது பத்து முறை கழற்றி மாட்டினாலும் தாங்கும்.

பத்தாததற்கு வெளியே வாங்க வேண்டுமே, சென்னையில் பழைய ஆபீஸ் சாமான் கடைகள் நிறைய இருக்கின்றன. ஐ.டி. கம்பெனிகள் காலி செய்யும்போது நூறு இருநூறாக வரும். ஒரே மாதிரி 30 கிடைக்குமா, ஜி.எஸ்.டி. பில் உண்டா என்ற இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். பில் இல்லாவிட்டால் உங்கள் அக்கவுண்ட்ஸ் விடமாட்டார்கள், கடைசி நேரத்தில் புதியதை வாங்கும்படி ஆகிவிடும்.

படி 6: தரை, கூரை, சத்தம்

பழைய கட்டடம் என்றால் ஒரு மூலையில் வினைல் ஷீட்டையோ கார்பெட்டையோ ஒரு அடி பிரித்துப் பாருங்கள். எழுபது, எண்பதுகளில் கட்டியது என்றால் கீழே மொசைக் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு இடத்தில் சாம்பல் நிற வினைலைப் பிரித்தபோது, காய்ந்த பசைக்கு அடியில் பச்சையும் கறுப்புமாகச் சில்லுகள் போட்ட மொசைக் தரை வந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடுகூட ஓடியது. பாலிஷ் மிஷினில் கரடுமுரடுக் கல்லில் ஆரம்பித்து நைஸ் கல் வரை போய், கடைசியில் ஆக்ஸாலிக் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் அதில் டியூப்லைட் பிரதிபலித்தது. புதுத் தரைக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. பாலிஷ் குழம்பை மட்டும் கழிவறையில் ஊற்ற விடாதீர்கள், பைப்புக்குள் சிமென்ட்டாகவே கெட்டியாகிவிடும். பக்கெட்டில் தெளிய வைத்துக் கட்டியை அள்ளிப் போட வேண்டும்.

கார்பெட் போட்டே ஆக வேண்டும் என்றால் டைல் கார்பெட். ஒரு டைலில் காபி கொட்டினால் அதை மட்டும் மாற்றலாம். தரை முழுக்கப் பசை பூசாமல், டைல்களை மூலையில் பிணைக்கும் ஒட்டுத்தாள் வகையைக் கேளுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிட்டு மேல்தளத்தைத் திறந்தே விடுவது இப்போது பிரபலம். பொருள் மிச்சம்தான், ஆனால் சத்தம் எதிரொலித்து மக்கள் நாள் முழுக்க ஹெட்போனோடு உட்காருவார்கள். இரண்டடிக்கு இரண்டடி கிரிட் சீலிங் ஏற்கெனவே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. டைலைச் சுத்தமான கையுறை போட்டு இறக்கி, படுக்கையாக அடுக்கி, கறை பட்டதை ஸ்டோர் ரூம் பக்கம் போட்டால் முக்கால்வாசி திரும்ப ஆகிவிடும்.

இல்லையென்றால் சத்தத்தை உறிஞ்ச வேறு வழி பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்த ஃபெல்ட் பேனல் கிடைக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. நம் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது: திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட். மரச்சட்டத்துக்குள் அதை இறுக்கி நிரப்பி, மேலே பவானி ஜமுக்காளத்தை இழுத்துக் கட்டினால் மீட்டிங் ரூமின் பின்சுவருக்கு அழகான பேனல் ஆகிறது. ஜமுக்காளம் ஸ்க்ரூவில் பிடித்த பட்டியில் நிற்பதால் கழற்றித் துவைக்கலாம். துணியும் பஞ்சும் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் தீத்தடுப்பு மருந்து தெளித்தே தீர வேண்டும், துவைத்தால் மறுபடி தெளிக்க வேண்டும், வெளியேறும் வழியில் இதைப் போடவே கூடாது. கோரைப்பாயும் அழகுதான், ஆனால் ஏ.சி. ராத்திரியில் நின்று ஈரம் ஏறும் அறையில் பூஞ்சை பிடிக்கும். உட்புற அறைக்கு மட்டும்.

படி 7: பழைய மரம்

பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடைக்குப் போனால் பர்மா தேக்குக் கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கிறார்கள். அங்கே விலை வேலைப்பாட்டுக்கு. ஆபீஸ் மேசைக்கு வேலைப்பாடு தேவையில்லை, உத்திரமும் சட்டமும் போதும், அதைக் கன அடிக் கணக்கில் வாங்குங்கள்.

வாங்கும்போது மரத்தைத் தூக்கித் தரையில் தட்டுங்கள். மாவு மாதிரி நைஸ் தூள் கொட்டினால் உளுத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. மேலே மண் தடம் இருந்தால் கரையான். லேசான உளு என்றால் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடலாம், கரையான் ஏறியதை வாங்கவே வேண்டாம், ஆபீஸ் முழுக்கப் பரவும். இழைப்பதற்கு முன் மெட்டல் டிடெக்டர் ஓட்டி ஆணி எல்லாம் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். உள்ளே முறிந்த ஒரு பழைய ஆணி போதும், இழைப்பு மிஷின் பிளேடு போய்விடும். ரிசப்ஷன் மேசை, பேண்ட்ரி நீள மேசை, இந்த இரண்டுக்கும் பழைய தேக்கு போட்டால் போதும். எல்லா இடத்திலும் போட்டு இழைக்க வேண்டியதில்லை.

படி 8: புதியது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

மூன்றே கேள்வி கேளுங்கள். இதைக் கழற்ற முடியுமா? இதன் உறுப்பு தனியாகக் கிடைக்குமா? இதை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்? ஆம்ஸ்டர்டாமில் ஸ்கிப்போல் விமான நிலையம் 2015-ல் பிலிப்ஸோடு ஒரு ஏற்பாடு செய்தது: விளக்குகள் பிலிப்ஸுக்கே சொந்தம், நிலையம் வெளிச்சத்துக்குப் பணம் கட்டும். விளக்கு தன்னுடையது என்றால் கம்பெனி அதைச் சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்யாது இல்லையா. நம்மூரில் நாற்காலி, பிரிண்டர், டீ மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் ஆள் கூடும் ஆபீஸ் என்றால் அந்தக் கூடுதல் இருக்கைகளை வாடகைக்கு எடுங்கள்.

பிளைவுட்டில் சாதாரண எம்.ஆர். (ஈரம் ஓரளவு தாங்கும்) ரகம் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் ஒட்டியது. புது கேபினுக்குள் போனால் கண் எரியுமே, அதற்கு இது ஒரு காரணம். இ0 அல்லது இ1 (ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் ரகங்கள்) என்று சான்று உள்ளதை வாங்குங்கள். பேண்ட்ரி சிங்க் அடியில் மட்டும் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். டபிள்யூ.பி.சி. (மரமும் பிளாஸ்டிக்கும் கலந்தது) என்று விற்கும் பலகை பெரும்பாலும் பி.வி.சி. நுரைதான். கரையான் வராது, தண்ணீர் ஏறாது, சரி, ஆனால் ஆயுள் முடிந்தால் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. கழிவறைக் கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் புல்தரையும் பிளாஸ்டிக் செடிச்சுவரும் வேண்டவே வேண்டாம்.

காடுகளை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை வெட்டி, நீலகிரியில் கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் ஆள் உயரத்துக்கு மேலான யானைகளைச் செய்து உலகம் சுற்ற அனுப்பியதைப் பார்த்திருப்பீர்கள். அதே கொம்பில் நாற்காலியும் தடுப்பும் செய்ய முடியும். புதுப்பொருளாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றால் எடுப்பதால் காட்டுக்கு நல்லது நடக்கும் இதை நான் முதலில் கேட்பேன்.

விளக்கில், எல்.இ.டி. பேனல் எரியவில்லை என்றதும் தூக்கிப் போடாதீர்கள், முதலில் போவது டிரைவர், அதாவது விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான். அதை மட்டும் மாற்றினால் எரியும். ஃபேன் புதியது என்றால் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது; பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் சுற்றித்தான் எடுக்கும். ஃபேன் சுற்றினால் ஏ.சி.யை 26-ல் வைத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயின்ட் தண்ணீர் வகை, வி.ஓ.சி. (காற்றில் கலக்கும் ரசாயன ஆவி) குறைந்தது; அடித்து முடித்ததும் ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து ஃபேன் ஓட விட்ட பிறகுதான் ஆட்களைக் கூட்டி வாருங்கள்.

எதைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது

பழைய வயர். எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் வேண்டாம், செம்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள். காலாவதியான தீயணைப்பான். நாற்றமடிக்கும் நுரை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கண்ணில் பட்டால் அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ விடாமல், அதற்கென்று தெரிந்த ஆளை வைத்து எடுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

படி 9: மீதி எங்கே போகிறது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். தளத்தில் ஐந்து சாக்கு வரிசை வைத்து, உலோகம், மரம், ஜிப்சம், கல்-செங்கல், மின்சாமான் என்று மேலே பெரிதாக எழுதுங்கள். ஜிப்சத்தை மட்டும் தனியாகவும் உலர்ந்தும் வையுங்கள். குப்பைமேட்டில் ஈரக் குப்பையோடு புதைந்தால் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து. செங்கல், காரை எல்லாம் மாநகராட்சியின் பெருங்குடி, கொடுங்கையூர் கட்டடக் கழிவு ஆலைகளுக்குப் போக வேண்டியவை. எப்படிக் கொடுப்பது என்று மாநகராட்சி உதவி எண் 1913-க்குப் போன் செய்து கேட்கலாம். ராத்திரி டெம்போவில் ஏற்றி ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வருகிறவரிடம் கொடுத்தால் மழைக்காலத்தில் அதன் விலையை இந்த ஊர்தான் கட்டுகிறது. டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் மின்கழிவோடு சேர்த்து, 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நல்ல நிலையில் மிஞ்சிய மேசை நாற்காலிக்கு அக்கம்பக்கத்து அரசுப் பள்ளியிலோ நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். கால் ஆடுவதைச் சரிசெய்து, துடைத்து, நீங்களே கொண்டுபோய் இறக்குங்கள்.

கடைசி வேலை: பதிவேடு

படி 2-ல் போட்ட அதே எக்செல் ஷீட்டை எடுத்து, இப்போது இருக்கும் நிலைமைக்கு மாற்றுங்கள். எந்த மேசை எங்கே, எந்த ஸ்க்ரூ, பெயின்ட் ஷேடு எண், எந்தக் கடையில் எந்த உறுப்பு கிடைக்கும். கண்ணாடி ஒவ்வொன்றின் அளவும் எழுதி, அதன் சட்டத்தின் உட்புறத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பேண்ட்ரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் ஐந்து கேஸ் லிஃப்ட், இருபது சக்கரம், இரண்டு எல்.இ.டி. டிரைவர், ஒரு டப்பா மினிஃபிக்ஸ், மிஞ்சின கார்பெட் டைல். அப்புறம் ஒவ்வொரு மேசை வரிசையிலும் ஏதாவது ஒரு மேசையின் அடியில், அதற்குப் பொருந்தும் ஆலன் கீயை (அறுகோண முனைச் சாவி) டேப் போட்டு ஒட்டி வைத்து, எந்த மேசை என்று ஷீட்டில் குறித்துவிடுங்கள். அதைக் கழற்ற வருகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.